பதற்றத்துக்கு உதவி தேடி நான் தொலைத்த 16 மாதங்கள்

அலுவலக லிஃப்டில்தான் ஆரம்பித்தது. நான்காவது மாடியைத் தாண்டும்போது இதயம் ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த நொடி தொண்டையை யாரோ உள்ளிருந்து அடைத்த மாதிரி இருந்தது. விரல் நுனிகளில் ஊசி குத்தியது, உதடு மரத்துப்போனது, லிஃப்டின் விளக்கு திடீரென்று அளவுக்கு மீறி வெளிச்சமாகத் தெரிந்தது. ‘சரி, முடிந்தது’ என்று நினைத்தேன். என் மாடி வரும்வரை காத்திருக்க முடியாமல், அடுத்துக் கதவு திறந்த மாடியிலேயே இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே வேலை பார்க்கும், முன்பின் தெரியாத ஒருவர்தான் என்னை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பணியிலிருந்த மருத்துவர் வந்து, “ஒண்ணுமில்லைங்க, டென்ஷன்தான். ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த ‘ஒண்ணுமில்லை’தான் என்னை அலைக்கழித்தது. என் காதில் அது ‘இவர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை’ என்றுதான் விழுந்தது. ‘உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கிளம்பும் கடுமையான பயத்தின் தாக்குதல். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், மறுபடியும் வரலாம், வந்தால் இன்னாரைப் பாருங்கள்’ என்று அன்றைக்கே யாராவது இரண்டு நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

அடுத்த ஆறு மாதங்கள் பரிசோதனைகளிலேயே போயின. நான்கு ஈசிஜி, இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில், இதயத் துடிப்பைப் பதிவு செய்ய 24 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டிய ஹோல்டர் கருவி, வயிற்றுக்கு ஓர் எண்டோஸ்கோபி. இரண்டரை மாதச் சம்பளம் இப்படியே கரைந்தது. பரிசோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ முதல் முறை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பின் தாளத்தில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். அளவுக்கு மீறிய காப்பியும், ஆஸ்துமாவுக்குத் தரும் சில மருந்துகளும்கூட இதைச் செய்யும். ஆனால் ஒரே மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு முறை முழுமையாகப் பார்த்துவிட்டு, அவர் போதும் என்றதும் நிறுத்திவிட வேண்டும். நான் ஆளுக்கொரு மருத்துவராக மாறிக்கொண்டே இருந்தேன். முதல் ரிப்போர்ட் தந்த நிம்மதி மூன்று வாரம் தாங்கியது. இரண்டாவது பத்து நாள். கடைசி ரிப்போர்ட்டின் நிம்மதி, வண்டி நிறுத்திய இடத்துக்கு நடந்து போவதற்குள் தீர்ந்துவிட்டது. ‘மெஷின் சரியாக இருந்திருக்குமா?’ என்று வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதற்கிடையில் என் உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் லிஃப்டை விட்டேன். படியேறுவது உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன், மற்றவர்களும் பாராட்டினார்கள். அப்புறம் நடுவில் எழுந்து போக முடியாத மீட்டிங்குகளை விட்டேன். அப்புறம் மேம்பாலங்கள். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: நாற்பது முறைக்கு மேல் நாடி பிடித்துப் பார்த்திருந்தேன். இதயத் துடிப்பைக் காட்டும் வாட்ச் வாங்கினால் நிம்மதியாக இருக்கும் என்று வாங்கினேன். அதைவிட மோசமான செலவு வேறில்லை. எண்ணைப் பார்ப்பேன், பயப்படுவேன், எண் ஏறும், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவேன்.

நான்கைந்து மாதம் போனபோது பொது மருத்துவர் ஒருவர், படபடப்பு வந்தால் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு மாத்திரை எழுதித் தந்தார். பதற்றத்தைச் சீக்கிரம் தணிக்கும் பென்சோடயசெபைன் வகை. அரை மணி நேரத்தில் அலை அடங்கியது, தெய்வமே என்றிருந்தது. இந்த வகை மாத்திரையைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும்தான் தருவார்கள், தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிவிடும், பழகியபின் திடீரென்று நிறுத்தவும் கூடாது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பயத்தில் நான் அதைப் போட்டதைவிடச் சுமந்ததுதான் அதிகம். சட்டைப் பையில் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன்.

பதற்றக் கோளாறாக இருக்கலாம் என்று பிரச்சினைக்குப் பெயர் கிடைத்தது, நான் மாறிப் போன ஆறாவது மருத்துவரிடம். அவர் ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாளை நீட்டினார். ஜிஏடி-7 என்று பெயர், 2006-இல் வெளியானது. கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக உணர்ந்தது, கவலையை நிறுத்த முடியாமல் போனது, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயந்தது இவையெல்லாம் எத்தனை நாள் என்று குறிக்க வேண்டும். அதிகபட்ச மதிப்பெண் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். எனக்கு 17. அது நோயைத் தீர்மானிக்கும் சோதனை அல்ல, வடிகட்டிப் பார்க்கும் சல்லடை மட்டும்தான் என்று அவரே சொன்னார். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு நான்கு மாதம் சும்மா இருந்தேன்.

அந்த நான்கு மாதத்தைப் பற்றி எழுதத்தான் எனக்கு மிகவும் கூசுகிறது. இதயத்தில் அடைப்பு என்றிருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பேன். மனநல மருத்துவர் என்றதும் மனைவியிடம்கூட வாய் வரவில்லை. ஆபீஸில் தெரிந்தால் என்ன ஆகும், காப்பீட்டுக் காகிதத்தில் ஏறிவிடுமா என்று என்னென்னவோ யோசனை. கடைசியில் துவைக்கப் போட்ட துணியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து மனைவிதான் கேட்டார். ஒரு மணி நேரம் பேசினேன். அவர் கோபப்பட்டது ஒன்றுக்குத்தான்: “இத்தனை நாள் நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு நினைச்சீங்க? நீங்க நடுராத்திரி எழுந்து உக்காந்திருக்கிறது எனக்குத் தெரியாதா?” ஒரு ஆளிடமாவது சொல்லிவிடுங்கள். தீர்வு கிடைக்கும் என்பதற்காக இல்லை. மறைப்பதே தனி வேலையாகிவிடுகிறது, அந்த வேலைக்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

மனநல மருத்துவர், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை எழுதினார். ஐந்தாவது நாள் நானே நிறுத்திவிட்டேன், படபடப்பு கூடியிருந்தது. இந்த மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் சிலருக்குப் பதற்றம் கொஞ்சம் ஏறி இறங்கும், அப்படி வந்தால் போன் செய்து சொன்னால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். இதை அவர் சொன்னாரா, நான்தான் காதில் வாங்கவில்லையா, தெரியாது. அப்போதெல்லாம் மருத்துவர் பேசும்போது நான் என் நாடியை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டோ, வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டோ போயிருக்க வேண்டும். மறுபடி அவரிடம் போக வெட்கப்பட்டு, மாத்திரையே வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கவுன்சிலரைத் தேடிப் போனேன்.

ஆறு மாதம், 22 அமர்வு, ஒன்றே கால் மாதச் சம்பளம். அவர் மோசமானவர் இல்லை, அதுதான் சிக்கலே. அன்பானவர், பொறுமையாகக் கேட்டார். என் சின்ன வயதைப் பற்றிப் பேசினேன், அப்பாவைப் பற்றிப் பேசினேன், அழுதேன். வெளியே வரும்போது மழை விட்ட மாதிரி இருக்கும். மறுநாள் மதியத்துக்குள் மறுபடி மூட்டம். லிஃப்டில் ஏறாமல்தான் அவருடைய அறைக்கும் போய்க்கொண்டிருந்தேன், மூன்றாவது மாடி. ஒரு நாள்கூட லிஃப்ட் பேச்சு வரவில்லை! 22-ஆவது நாள் தயங்கித் தயங்கி, “இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?” என்று கேட்டேன். “உங்க மனசு தயாராகும் வரைக்கும்” என்றார். துக்கத்துக்கோ உறவுச் சிக்கலுக்கோ இப்படி மனம்விட்டுப் பேசுவது பெரிய மருந்தாக இருக்கலாம். ஆனால் பேனிக் அட்டாக்குக்கென்று பல ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்த வழிமுறைகள் இருக்கின்றன. அவை இருப்பதே தெரியாமல் நான் ஆறு மாதம் அழுதிருக்கிறேன். விட்டு வரவும் மனம் வரவில்லை, நன்றி கெட்ட வேலை போலத் தோன்றியது. ‘எனக்கு முன்னேற்றம் தெரியவில்லை, வேறு முறையைப் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்ல இரண்டு வாக்கியம் போதும். தெரபிஸ்டை மாற்றுவது துரோகம் இல்லை.

அதனால் இப்போது யார் கேட்டாலும், பணம் கட்டுவதற்கு முன் போனிலேயே பேசிவிடச் சொல்கிறேன். முதலில் எதிரில் இருப்பவர் யார் என்று தெரிய வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் உளவியல் சிகிச்சையில் முறையான பயிற்சி எடுத்தவர். கவுன்சிலர் என்ற பெயரைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதனால் எங்கே படித்தார், பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. என் மாதிரி பிரச்சினை உள்ளவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? என்ன முறையில் செய்வீர்கள்? வீட்டில் செய்யப் பயிற்சி இருக்குமா? தோராயமாக எத்தனை அமர்வு, எப்போது உட்கார்ந்து முன்னேற்றத்தைப் பார்ப்போம்? நான் சொல்வது எந்தச் சூழ்நிலையில் வெளியே போகும்? நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். நான் போன் செய்த மூவரில் ஒருவர் கோபப்பட்டார், நேரம் மிச்சம். பணம் இடிக்கிறது என்றால் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். உளவியல் பயிற்சி தரும் கல்வி நிறுவனங்களில், மூத்தவர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த செலவில் பார்ப்பதும் உண்டு.

இப்படித்தான் சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை தரும் தெரபிஸ்ட் ஒருவர் கிடைத்தார். முதல் நாளே ஒரு தாளில் வட்டம் போட்டார். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம், ‘ஐயோ ஹார்ட் அட்டாக்’ என்று அதற்கு மனம் தரும் விளக்கம், அதனால் பயம், பயத்தால் உடம்பில் இன்னும் பெரிய மாற்றம். டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் எழுதிய விளக்கம் இது என்றார். என் வாட்ச் கதை அப்படியே அந்த வட்டத்துக்குள் இருந்தது.

இரண்டாவது அமர்வில் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு நிமிடம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடச் சொன்னார். (இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான். நீங்களாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) நாற்பது விநாடியில் விரல் நுனியில் ஊசி குத்தியது. அப்புறம் உதடு மரத்தது. லிஃப்டில் வந்த அதே ஊசி, அதே உதடு! தேவைக்கு மேல் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால் வருவதுதான் இது, மூச்சு பழைய நிலைக்கு வந்தால் போய்விடும் என்றார். ஆறு மாதம் நான் ஸ்கேன் எடுத்துத் தேடிய சாமானை, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நானே ஒரு நிமிடத்தில் தயாரித்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

அப்புறம் ஒரு நோட்டு. இடப்பக்கம் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், வலப்பக்கம் என்ன நடந்தது. ‘லிஃப்டில் மயங்கி விழுவேன், 90 சதவீதம்’ என்று எழுதினேன். மயக்கம் வரப் பொதுவாக ரத்த அழுத்தம் விழ வேண்டும், பேனிக்கில் அது ஏறத்தான் செய்யும் என்று விளக்கினார். ரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுகிறவர்கள் இதில் விதிவிலக்கு, அவர்களுக்கு மயக்கம் வரலாம், பயிற்சியும் வேறு. என் பயிற்சி இப்படிப் போனது: கதவு திறந்த லிஃப்டுக்குள் நிற்பது, அவரோடு ஒரு மாடி, தனியாக ஒரு மாடி, தனியாக மேலே கீழே ஐந்து முறை, பாட்டில் இல்லாமல், கடைசியாக மாத்திரை அட்டை இல்லாமல். இந்தக் கடைசிப் படிக்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது. பாட்டிலும் அட்டையும் கையில் இருந்தால், தப்பித்ததற்கான புகழ் அவற்றுக்குப் போய்விடும், எனக்கு வராது என்பார். பயம் போன பிறகு ஏறுவது இல்லை, பயத்தோடு ஏறி அது தானாக இறங்குவதை உள்ளே நின்று பார்ப்பதுதான் விஷயம்.

ஆறாவது அமர்வை ஒட்டிய வாரம் படுமோசம். இரண்டு அட்டாக், ஒரு நாள் விடுப்பு, விட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்தேன். அதையும் அவரிடமே சொன்னேன், ஒரு படி பின்னால் வைத்துத் தொடர்ந்தோம். தவிர்த்து வந்ததைத் தொடும்போது தொடக்கத்தில் கூடத்தான் செய்யும். ஆனால் ‘தண்ணியில தள்ளிவிட்டா தானா நீந்துவான்’ என்று நினைக்கும் நண்பர்கள் வசம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். என்னை ஒருவர் இழுத்துக்கொண்டு போய் மொட்டைமாடி விளிம்பில் நிறுத்தினார். எனக்கு உயரம் பயமே இல்லை, அன்றிலிருந்து கொஞ்சம் உண்டு. மனநல மருத்துவரிடமும் திரும்பப் போனேன், குறைந்த அளவில் மாத்திரையை மறுபடி தொடங்கினார். அவர் என்னைத் திட்டவே இல்லை, நான்தான் வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். தெரபிஸ்டிடம் மொத்தம் 14 அமர்வு, நான்கு மாதம்.

ஆதரவுக் குழுவுக்குப் போனதும் இந்தச் சமயத்தில்தான். நோயாளிகளே கூடி நோயாளிகளுக்குத் துணை நிற்பது புதிய பழக்கம் இல்லை. சிகாகோவில் ஆபிரகாம் லோ என்ற மருத்துவர் 1937-லேயே இப்படி ஓர் அமைப்பைத் தொடங்கியிருக்கிறார். எனக்கென்னவோ அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்று ஒரு நினைப்பு. போய் உட்கார்ந்தால், ஒரு அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சார்ஜ் போடக் கழற்றி வைக்கும் ஒரு மணி நேரமும் தனக்கு உயிர் போய் உயிர் வருகிறது என்றார். சுற்றியிருந்த ஐந்தாறு பேர் தலையாட்டியபடியே தங்கள் மணிக்கட்டை மறைத்துக்கொண்டார்கள், நானும்தான். உலகத்தில் எனக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தது அன்றைக்கு உடைந்தது. அதைத் தெரபிஸ்டால் தர முடியவில்லை, தரவும் முடியாது, அவர் லிஃப்டுக்குப் பயந்தவர் இல்லையே.

ஆனால் எல்லாக் குழுவும் ஒன்றில்லை. போனில் ஒரு செய்திக் குழுவிலும் சேர்ந்திருந்தேன். ராத்திரி மூன்று மணிக்கு ‘இடது தோள் வலிக்கிறது, ஹார்ட்டாக இருக்குமோ?’ என்று ஒருவர் போடுவார். ‘இல்லை இல்லை, எனக்கும் அப்படித்தான்’ என்று பத்து பேர் பதில் போடுவார்கள். அதைப் படித்த பத்தாவது நிமிடம் என் தோளும் வலிக்கும். ஒரே இரவில் நானே ஒன்பது முறை கேள்வி போட்டிருக்கிறேன். காசில்லாத ஈசிஜி, அவ்வளவுதான். ஒருவர் எல்லோரும் மாத்திரையைத் தூக்கி எறியச் சொன்னார், இன்னொருவர் மூச்சுப் பயிற்சி வகுப்பு விற்றார். மூன்று வாரத்தில் வெளியே வந்துவிட்டேன். நான் நிலைத்த குழுவில் தொடக்கத்திலேயே விதியைப் படித்துவிடுவார்கள்: இங்கே பேசியது வெளியே போகாது, மருந்தைப் பற்றி யாருக்கும் யோசனை கிடையாது, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக் கூடாது. நடத்துபவர் ஒருவர் இருப்பார். ‘இது மாரடைப்பா?’ என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள், ‘இந்த வாரம் என்ன முயற்சி செய்தீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். முதல் தடவை எரிச்சலாக இருந்தது. மூன்று முறை போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வந்து அறிகுறிகளைத் தேடிப் படிக்கத் தோன்றினால் அந்தக் குழு உங்களுக்கு இல்லை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் குழு கூடும் நாள்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ சொல்லிவிட வேண்டும். குழுவிலேயே இதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார்கள்.

இப்போது அந்த ஏழு கேள்வித் தாளில் எனக்கு 5 அல்லது 6 வருகிறது. போன மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது பழையபடி ஒரு வாரம் ஆட்டியது. கடைசி அமர்வில் தெரபிஸ்ட் என்னையே எழுதவைத்த ஒரு பக்கம் இருக்கிறது: திரும்பி வந்தால் முதலில் எதைத் தவிர்க்கத் தொடங்குவேன், எந்தப் படியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் அலுவலகத்தில் வேலையே இல்லாமல் ஐந்து முறை லிஃப்டில் மேலும் கீழும் போய் வந்தேன். காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். வாட்சை விற்றுவிட்டேன், பாதி விலைதான் கிடைத்தது. இதை எழுதி முடிப்பதற்குள் கை இரண்டு தடவை மணிக்கட்டுக்குப் போனது. ஒரு தடவை தடுத்துவிட்டேன்.